தாத்தாவின் சோர்க்கி: ஸ்க்ரூவைத் தொடும் முன்

கேள்வி: என் தாத்தா நந்தம்பாக்கத்தில் சோவியத் உதவியோடு தொடங்கிய அறுவைக் கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பயிற்சிக்காக அந்த நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு சோர்க்கி 4 கேமரா வாங்கி வந்தார். பீரோவில் தோல் உறையோடு பல வருடம் கிடந்ததை எடுத்து இப்போது ஒரு ரோல் போட்டுப் பார்த்தேன். லென்ஸைக் கடைசிவரை திருப்பி வைத்து மாடியிலிருந்து எடுத்த தூரக் காட்சிகள் தெளிவாக வந்திருக்கின்றன. ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது இரண்டு பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பில், பார்த்து எடுத்த பாட்டியின் படங்கள் எல்லாமே மங்கல். பரங்கிமலைக் கோயிலைப் பார்த்தால் இரண்டு பிம்பமும் ஒன்று சேர மாட்டேன் என்கிறது. ஒன்று கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் பக்கத்திலும் தள்ளி நிற்கிறது. ஏழெட்டுப் படங்களில் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி. வியூஃபைண்டர் பால் படிந்த மாதிரி இருக்கிறது. கடையில் கேட்டால், ‘செலவுக்குக் கட்டுப்படியாகாது, ஷோகேஸில் வைத்துவிடுங்கள்’ என்கிறார்கள். ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நானே செய்யலாமா? (வாசகி, ஆதம்பாக்கம்)

பதில்:

செய்யலாம் அம்மா. நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் இரண்டரையை உங்கள் வீட்டு மேஜையிலேயே சரிசெய்துவிடலாம். மீதி ஒன்றரைக்கு அவசரமில்லை. ஆனால் அந்த வீடியோவில் சொன்ன ஸ்க்ரூவை இன்றைக்கே தொட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஒருவர் இதே மாதிரி ஒரு ரஷ்யக் கேமராவைக் கொண்டுவந்தார். படம் மங்கல் என்றார். ரேஞ்ச்ஃபைண்டர்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டி, இரண்டு நாளில் மூன்று முறை அந்த ஸ்க்ரூவைத் திருப்பினேன். பிம்பங்கள் அழகாகச் சேர்ந்தன, படம் மட்டும் தெளியவில்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் வந்து லென்ஸைக் கழற்றி, அதன் கண்ணாடிப் பகுதியைத் திருகி வெளியே எடுத்தார். உள்ளே இருக்க வேண்டிய வளையம், ஒரு காகித கனம்தான் இருக்கும், அதைக் காணோம். முன்பு யாரோ சுத்தம் செய்யக் கழற்றியபோது தவறவிட்டிருக்கிறார்கள். லென்ஸ் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ரேஞ்ச்ஃபைண்டரைத் திருத்தி என்ன பயன்? அந்த வாடிக்கையாளரின் இரண்டு ரோல்கள் வீணானது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு தூதுவர் மாதிரி. நீங்கள் லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்பக்க வளையம் முன்னும் பின்னும் நகர்கிறது. லென்ஸைக் கழற்றிவிட்டுக் கேமராவின் உடம்புக்குள் எட்டிப் பார்த்தால் மேல்பக்கம் ஒரு சின்னக் கரம் நீட்டிக்கொண்டிருக்கும்; விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். அந்த வளையம் இந்தக் கரத்தைத் தள்ள, கரம் உள்ளே ஒரு கண்ணாடித் துண்டை அசைக்க, வியூஃபைண்டரில் இரண்டாவது பிம்பம் நகர்கிறது. லென்ஸ் எங்கே நிற்கிறது என்ற செய்தியை உங்கள் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் இதன் வேலை. செய்தி தப்பா, அனுப்பிய லென்ஸே தப்பா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கடைசிவரை திருப்பி வைத்து எடுத்த தூரப் படங்கள் தெளிவு என்கிறீர்கள். அப்படியானால் லென்ஸ் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம், வெயிலில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8, எஃப் 11 வைத்து எடுத்திருந்தால் சின்னப் பிழைகள் தெரியாமல் மறைந்துவிடும். முழுதாகத் திறந்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்த விஷயத்தில் சோர்க்கி 4 நல்ல கேமரா. அடியில் இருக்கும் இரண்டு சாவிகளைத் திருப்பினால் அடித்தட்டும் பின்பக்கமும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். ஃபிலிம் உட்காரும் இடம் முழுக்கக் கண்முன்னே இருக்கும்.

டிரேசிங் பேப்பரில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிலிம் ஜன்னலின் மேலும் கீழும் இரண்டிரண்டு தண்டவாளம் ஓடுவது தெரியும். உள்பக்க ஜோடியின் மேல்தான் ஃபிலிம் படுக்கும். பேப்பரையும் அதன் மேல்தான் படிய வைக்க வேண்டும், சுருக்கமே இல்லாமல். பேப்பர் தொய்கிறது என்றால் அதன் மேல் ஒரு சின்ன தட்டைக் கண்ணாடியை வைத்து அழுத்துங்கள். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, லென்ஸை எஃப் 2க்குத் திறந்து, ஃபிலிம் சுற்றும் குமிழைத் திருப்பி ஷட்டரை ஏற்றிய பிறகு ‘பி’யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, ஷட்டர் பட்டனில் திருகும் கேபிள் ரிலீஸால் திறந்தே வைத்திருங்கள். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியால் பேப்பரைப் பாருங்கள். பரங்கிமலை அதில் தலைகீழாக, நகம் அளவுக்குத் தெரியும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்ச நேரம் வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. அப்புறம், லென்ஸ் கடைசி முட்டில் நிற்கும்போது கோயிலின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் லென்ஸ் நிரபராதி. முட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூர்மை வந்து, முட்டில் மங்கினால், அல்லது முட்டிலும் கூர்மை வராவிட்டால், முன்பு சொன்ன அந்தக் காகித கன வளையத்தின் கோளாறு. அங்கேயே நிறுத்திவிட்டு லென்ஸோடு ரிப்பேர்காரரிடம் போங்கள். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரைக்கும் 28.8 மில்லிமீட்டர். அதில் கால் மில்லிமீட்டர்கூட அதிகம்.

பரங்கிமலையை நீங்களே தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. பலர் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ‘இன்ஃபினிட்டி’ (மிகத் தூர ஃபோகஸ்) சரிசெய்கிறார்கள். 50 மீட்டரில் இருக்கும் பொருளுக்கும் மிகத் தூரத்துக்கும் நடுவே இந்த 50 மில்லிமீட்டர் லென்ஸில் 0.05 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் அது ஒன்றுமே இல்லாததாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பார்ப்பதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் மாடித் தளம் சூடேறி, மலை உச்சி தண்ணீருக்குள் இருப்பது போல ஆடும். ஆடுகிற பொருளின் மேல் பிம்பத்தைச் சேர்க்க முடியாது. மழைக்கு மறுநாள் காலை கிடைத்தால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரவில் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கும் உதவும். இரண்டு புள்ளி ஒன்றாவதைக் கண் எளிதில் பிடித்துவிடும்.

சரி, லென்ஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ரேஞ்ச்ஃபைண்டருக்கு வரலாம்.

உங்களுக்கு இரண்டு விலகல் இருக்கிறது: மேல்கீழ், பக்கவாட்டு. வீடியோவில் சொன்ன ஒரு ஸ்க்ரூ பக்கவாட்டுக்கு மட்டும்தான். கேமராவின் முகத்தைப் பாருங்கள். பெரிய ஜன்னல் வியூஃபைண்டருடையது. கொஞ்சம் தள்ளி வட்டமாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதைச் சுற்றி ஒரு வளையம். வளையத்துக்குள் இருக்கும் கண்ணாடி தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் சீவியது, மரவேலையில் வைக்கும் ஆப்பு மாதிரி. அதைச் சுழற்றினால் இரண்டாவது பிம்பம் ஒரு சின்ன வட்டத்தில் நகரும். மேல்கீழ் விலகலை இதைச் சுழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். வட்டத்தில் நகர்வதால் பக்கவாட்டிலும் கொஞ்சம் கலையும். அதனால்தான் மேல்கீழை முதலில் முடிக்க வேண்டும், பக்கவாட்டைப் பிறகு. வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். வளையத்தைப் பிடிக்கக் குறடு வேண்டாம், கீறிவிடும். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை விரலில் சுற்றி அழுத்தித் திருப்பிப் பாருங்கள். இளகாவிட்டால் பலம் காட்டாதீர்கள். வளையத்தின் ஓரத்தில் பல்குத்தி நுனியால் ஒரே ஒரு துளி லைட்டர் பெட்ரோல் தொட்டுவைத்து, கால் மணி நேரம் பொறுங்கள்.

அந்த வட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில், முகத்திலேயே, வேலை ஒன்றும் இல்லாதது போல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அது வெறும் மூடி. அதைக் கழற்றினால் துளைக்குள்ளே இன்னொன்று தெரியும். பக்கவாட்டை நகர்த்துவது அந்த உள் ஸ்க்ரூதான். ஸ்க்ரூ டிரைவரின் நுனி பள்ளத்தின் அகலத்துக்கு அப்படியே பொருந்த வேண்டும். ரிச்சி தெருவில் கைக்கடிகார வேலைக்கு விற்கும் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன நுனியை வைத்து ஒப்பேற்றினால் பள்ளம் சிதைந்துவிடும், அப்புறம் எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். லென்ஸ் கடைசி முட்டில் இருக்கட்டும். ஒரு கடிகாரத்தில் ஐந்து நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள தூரம்தான் ஒரு முறை திருப்ப வேண்டிய அளவு. திருப்பு, டிரைவரை எடு, பார். மறுபடி திருப்பு, எடு, பார். டிரைவர் துளையில் அழுத்திக்கொண்டிருக்கும்போது தெரியும் பிம்பத்தை நம்ப வேண்டாம். சேர்ந்ததும் லென்ஸை ஒரு முறை முழுக்கத் திருப்பிக் கடைசிக்குக் கொண்டுவந்து, மீண்டும் பாருங்கள். நின்றால், உள் ஸ்க்ரூவின் ஓரத்தில் ஒரு பொட்டு நகப்பூச்சு. அது காய்ந்த பிறகு மூடி ஸ்க்ரூ.

இனி கிட்டத்தில். லென்ஸின் அளவுகோல் 1 மீட்டரில் தொடங்கும். அந்த மீட்டரை லென்ஸ் முனையிலிருந்து அளக்கக் கூடாது, ஃபிலிம் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். தையல் டேப்பின் ஒரு முனையைக் கேமராவின் பின்பக்கத்தில் பிடித்து, 1 மீட்டரில் சுவரில் ஒரு தினத்தந்தி தலைப்பை ஒட்டுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த எழுத்துகளைச் சேர்த்துவிட்டு, டிரேசிங் பேப்பரில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. எஃப் 2இல், 1 மீட்டரில், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 5 செ.மீ. பாட்டியின் படம் மங்கியதற்கு இதுதான் காரணம். அவர் கொஞ்சம் அசைந்ததாலோ உங்கள் கை நடுங்கியதாலோ என்று நினைத்திருப்பீர்கள். தூரத்தில் சரியாகவும் கிட்டத்தில் தப்பாகவும் வந்தால், உள்ளே பார்த்த அந்தக் கரத்தின் நுனி வளைந்திருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் வளைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கழுத்தில் ஒரு முறை அதிகமாக வளைத்த கரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கே அரை நாள் ஆகும்.

இந்த வேலைக்கு உட்காரும் முன் மேஜையில் வெள்ளைத் துணி விரியுங்கள். விழும் ஸ்க்ரூ துள்ளாது, தெரியும். வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடது மேல் குழியில் முதலில் கழற்றியது, அடுத்ததில் இரண்டாவது, இப்படி வரிசையாக. திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்கினால் போதும். என் மேஜையில் இன்றும் அதுதான் இருக்கிறது.

அடுத்து வெள்ளைப் புள்ளி. இதைப் படித்ததும் என் மனசு கொஞ்சம் கனத்தது. சோர்க்கியின் ஷட்டர், ரப்பர் பூசிய துணித் திரை இரண்டால் ஆனது. இந்த வகைக் கேமராவில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே எதுவும் கிடையாது. மூடி இல்லாமல் வெயிலில் லென்ஸ் மேலே பார்த்தபடி வைத்தால், சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தோமே, அதுவேதான் நடக்கும். திரையில் ஊசித்துளை விழும். பூஞ்சை போகட்டும் என்று சென்னையில் பலர் கேமராவை அப்படியே மாடியில் காயவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லென்ஸைத் தனியாகக் கழற்றிக் காயவைக்கலாம், உடம்போடு சேர்த்து ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

துளை எங்கே என்று பார்க்க, இருட்டறையில் லென்ஸையும் பின்பக்கத்தையும் கழற்றி, முன்னால் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஷட்டரை ஏற்றாமல் ஒரு முறை, ஏற்றிய பிறகு ஒரு முறை. இரண்டு நிலையில் இரண்டு திரை. நட்சத்திரம் மாதிரி ஒளி தெரியும் இடம்தான் துளை. ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால், துணிக்கு அடிக்கும் கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட்டை மெல்லிய தூரிகை நுனியால் தொட்டு வையுங்கள். மெலிதாக, ஒரே பூச்சு. கனமாகப் பூசினால் திரை உருளையில் சுற்றும்போது இடிக்கும். ஒரு இரவு முழுக்கக் காயட்டும், அதுவரை ஷட்டரைத் தொடக் கூடாது. திரை முழுக்க வெடிப்பு ஓடியிருந்தால் பெயின்ட் தாங்காது, திரையையே மாற்ற வேண்டியிருக்கும். அது கடை வேலை.

வியூஃபைண்டரின் பால் மங்கலுக்கு முன் ஒன்று கேட்கிறேன். ரீவைண்ட் குமிழுக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறதே, அதை நகர்த்திப் பார்த்தீர்களா? கண்ணாடி போடுபவர்களின் பவருக்காக வைத்தது. அது தாத்தாவின் கண்ணுக்கு ஏற்ற இடத்தில் நிற்கலாம். உங்கள் கண்ணுக்கு நகர்த்துங்கள், மங்கலில் பாதி அதோடு போய்விடக்கூடும். மீதி, உள்ளே கண்ணாடிகளில் படிந்த ஆவிப்படலம். அதைத் துடைக்க மேல்தட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியின் பூச்சு, பருத்தியால் ஒரு முறை தேய்த்தால்கூட உரிந்துவிடும். முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டாம். அதுவரை இரண்டாவது பிம்பம் தெளிவாகத் தெரிய ஒரு வழி: வெளியே, பெரிய ஜன்னலின் நடுவில் கடுகளவு கறுப்பு டேப் ஒட்டுங்கள். முதல் பிம்பம் அந்த இடத்தில் மங்கி, இரண்டாவது எடுப்பாகத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், கேமராவின் உயிர் அதில் இருக்கிறது. சோர்க்கி 4இல் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றும் முன் டயலைத் திருப்பினால் உள்ளே பாகங்கள் கெட்டுப்போகக்கூடும். இதைத் தெரியாதவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ஷட்டர் சரியாக ஓடுகிறதா என்று அறிய, பின்பக்கத்தைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிக் காட்டி, போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். 1/30 வைத்தால் ஜன்னலின் நடுப்புள்ளி சுமார் 8 ஃபிரேமுக்குத் திறந்திருக்க வேண்டும், 1/60 வைத்தால் 4. 1/30இல் பத்துப் பன்னிரண்டு வந்தால் உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. சமையல் எண்ணெயோ, ஸ்பிரே எண்ணெயோ விடாதீர்கள். அப்படி எண்ணெய் விட்ட கேமராக்களைக் கழுவுவதே என் வேலையில் பெரும்பகுதியாக இருந்த வருடங்கள் உண்டு.

கடையில் கட்டுப்படியாகாது என்று சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் கூலிக்கு இந்தக் கேமராவின் சந்தை விலை ஈடாகாது என்பது உண்மை. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க்கில் 1956லிருந்து 1973 வரை லட்சக்கணக்கில் செய்த மாடல் இது. கேமராவில் பொறித்திருக்கும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடம். தாத்தா எந்த வருடம் போய்வந்தார் என்று பாட்டியிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சோர்க்கி என்றால் ரஷ்ய மொழியில் கூர்மையான பார்வை உள்ளவன். உங்கள் தாத்தா அறுவைக் கத்திகளின் விளிம்பைப் பார்த்து வாழ்ந்தவர். அந்தப் பெயர் தெரிந்தே வாங்கியிருப்பார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

தோல் உறையைக் கேமராவோடு சேர்த்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு லென்ஸுக்குப் பூஞ்சையை ஊட்டுவது அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு கேமராவை மட்டும் வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ரோல் சோதனைக்கு. 200 ஐஎஸ்ஓ ஃபிலிம் போதும். முதல் மூன்று படம் பரங்கிமலை, எஃப் 2. அடுத்த மூன்று சுவரில் ஒட்டிய தலைப்பு, 1 மீட்டர், எஃப் 2. அப்புறம் மேஜையில் சாய்வாக நிற்கவைத்த ஸ்கேல், நடு எண்ணில் ஃபோகஸ் செய்து. எந்த எண் கூர்மையாக வருகிறதோ அதை நோட்டில் எழுதுங்கள். மீதி ரோல் பாட்டிக்கு. காலையில் ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். முகத்தில் இரண்டு பிம்பம் சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மூக்குத்தி போடுவார் என்றால் அதைப் பாருங்கள். வெளிச்சம் பட்டு இரண்டு புள்ளியாக மின்னும். இரண்டும் ஒன்றாகும் அந்த இடத்தில் லென்ஸை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, அழுத்துங்கள்.